இருபத்தோரு அட்டை சத்து மாத்திரை

இந்த பஸ் கூட்டத்தில் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்களே, ரொம்ப நன்றி அக்கா. இப்போது எனக்கும் இடம் கிடைத்துவிட்டது, கொடுங்கள். தூங்கிவிட்டாளா? அப்படியே என் தோளுக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் இருந்தேன், தப்பாக நினைக்காதீர்கள். "நாலு மாசமா?" என்று கேட்டீர்கள். எட்டு முடிந்துவிட்டது. லேசாகத்தான் இருப்பாள். எல்லோரும் கேட்கிறார்கள். வழக்கமாக நான் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்குப் பேச வராது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தண்ணீரை வைத்துவிட்டு அடுப்படிக்குள் ஒளிந்துகொள்கிற ஆள் நான். ஆனால் இன்றைக்குப் பேசிப் பழக வேண்டியிருக்கிறது. பதினொரு மணிக்குச் சுகாதார அலுவலகத்தில் ஒரு விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் இருப்பார்களாம். அவர்கள் முன்னால் நின்று நான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு நர்ஸம்மா தப்பிப்பார். சொல்லாவிட்டால் இருபத்தொன்பது வருடம் வெயிலில் அலைந்து பார்த்த வேலைக்குக் கெட்ட பெயரோடு வீட்டுக்குப் போவார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போகிறேன்.

உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளட்டுமா? நீங்கள் யாரோ, நான் யாரோ. எனக்கு அதுவே பெரிய வசதி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல். கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, ஐந்து வகைக் கீரைகளில் இரும்புச் சத்து எவ்வளவு என்பது. சிரிக்கலாம், பரவாயில்லை. கீரையை எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, இதில் இத்தனை மில்லிகிராம் இரும்பு என்று சொல்லிவிடுவேன். வகுப்பில் நான்தான் முதல். அப்படிப்பட்டவளுக்கு, இவளைச் சுமந்த நான்காம் மாதத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஒன்பதரை பாயிண்ட். குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும்.

எங்கள் பகுதிக்கு அமலோற்பவம் நர்ஸம்மா. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. நீல நிறச் சேலையும் தோளில் பெரிய பையுமாகத் தெருமுனையில் நின்று கூப்பிட்டால் கடைசி வீட்டுக் கர்ப்பிணி எழுந்து வருவாள்.

"ஏ புள்ள சங்கரகோமதி, ஒம்பதரைய வச்சுக்கிட்டு ரெண்டு உசுர எப்படி ஓட்டுவ? தினம் ரெண்டு மாத்திரை. உள்ள இருக்கறது உன்கிட்டருந்துதான் இரும்பு எடுக்கணும். உன்கிட்டயே இல்லன்னா அது யாருகிட்டப் போய்க் கேக்கும்?"

நான் தலையாட்டினேன். ஒன்பது நாள் ஒழுங்காகப் போட்டேன். நம்புங்கள்.

அந்த ஒன்பது நாளில் வயிறு கட்டிக்கொண்டது. எப்படிச் சொல்வது... காலையில் போக வேண்டியது போகவில்லை. போனாலும் தார் மாதிரி. அது மாத்திரையால் வருகிற நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். எந்த வேதிவினை என்றுகூடத் தெரியும். பிரச்சினை நிறம் இல்லை, நேரம். நாங்கள் இருப்பது லைன் வீடு. மூன்று குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை. நான் உள்ளே போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வெளியே வாளி வைக்கிற சத்தம், பிறகு இருமல், பிறகு பக்கத்துக் குடித்தனத்துக்காரர் யாரிடமோ சொல்வது போல, "பஸ்ஸு எட்டு மணிக்குப் போயிரும்" என்பார். அத்தை வந்து கதவைத் தட்டுவார். "உள்ள என்னம்மா, பரிச்சைக்குப் படிக்கிறியா?" அத்தை ரொம்ப நல்லவர். நான் அவரைக் குறையே சொல்ல மாட்டேன். தட்டுவார், அவ்வளவுதான். தினமும் தட்டுவார். எல்லோருக்கும் கேட்கும்படி தட்டுவார். மற்றபடி நல்லவர்.

பத்தாம் நாள் நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன். பதினோராம் நாள் மூன்றே நிமிடத்தில் வெளியே வந்தேன். வாசலில் யாரும் இல்லை. அந்த நிம்மதியை உங்களிடம் எப்படிச் சொல்வேன்!

நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கே சொல்வது? செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். நாற்பது பேர் பெஞ்சில் இருப்போம். பாதிப் பேருக்குப் பின்னால் புருஷன் நிற்பார். நர்ஸம்மா எங்கள் பதிவு அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஆறடிக் குரலில் கேட்பார்.

"மாத்திரை போடுறியா? வெளிக்கி கருப்பாப் போகுதா?"

கருப்பாகப் போனால் மாத்திரை உள்ளே போகிறது என்று அர்த்தம். அவருடைய சோதனை அதுதான். ஆய்வகத்தில் நாங்கள் செய்வதைவிடச் சுலபமான சோதனை. மற்றவர்கள் கூச்சமே இல்லாமல், "நல்லாப் போகுதுக்கா", "ரெண்டு நாளா இல்லக்கா" என்று கறிகாய் விலை மாதிரிச் சொல்வார்கள். என் முறை வந்தால் காது சுடும். "இல்லை" என்று சொன்னால் "ஏன் இல்லை?" என்று அடுத்த கேள்வி வரும். "ஆமாம்" என்றால் அதோடு முடிந்தது. நான் "ஆமாம்" என்றேன். பேச்சைக் குறைக்கிறதற்காகச் சொன்ன பொய் அக்கா. வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

மாத்திரையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அரசாங்கத்து மருந்து, பாவம். அதனால் என் சர்டிபிகேட் ஃபைலுக்குள் வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் திறக்காத ஒரே இடம் அது. பட்டச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் நடுவே ஒவ்வொரு அட்டையாகச் சொருகினேன். எனக்கு வயிறு தெரிகிறதற்கு முன்பே அந்த ஃபைலுக்கு வயிறு தெரிந்தது.

மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். துணி பிழிந்தால் கண் இருட்டும். கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். சிலேட்டுக் குச்சி தின்கிற ஆசை வேறு வந்தது. ரத்தம் இல்லாதவர்களுக்கு இப்படி மண், சாம்பல், குச்சி என்று ஆசை வருமாம். தினம் ஒரு பெட்டி வாங்குவேன். கடைக்காரர், "டியூசன் எடுக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அதற்கும் "ஆமாம்" என்றேன். குச்சியில் கால்சியம் இருக்கிறது, குழந்தைக்கு நல்லது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவள் இல்லையா, விளக்கத்துக்கா பஞ்சம்?

ஏழாம் மாதம் எட்டேகால். "பிள்ளை வளர வளர ரத்தம் கொஞ்சம் தண்ணியாகும், விடாமப் போடு" என்றார் நர்ஸம்மா. அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. மூன்று மாதமாக நாற்பது பேரில் ஒருமுறைகூடத் தவறாமல் "ஆமாம்" சொன்ன ஒரே ஆள் நான்தான்.

அந்த நம்பிக்கையில்தான் அவர் அதைச் செய்தார். சமுதாய வளைகாப்பு உங்களுக்குத் தெரியும்தானே? அரசாங்கமே கல்யாண மண்டபம் பிடித்து, கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்து, சந்தனம் பூசி, வளையல் போட்டு, ஐந்து வகைச் சாதம் போடும். நான் புளியோதரை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா மைக்கைப் பிடித்தார்.

"எங்க ஏரியாவுல ஒரு புள்ள, எம்.எஸ்ஸி. படிச்சிருக்கு. ஒரு நாள் மாத்திரைய விட்டதில்ல. அது வந்து நாலு வார்த்தை பேசும், எல்லாரும் கேளுங்க."

கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். முதலில் மைக் வீறிட்டது. பிறகு நான் ஆரம்பித்தேன். என்ன பேசினேன் தெரியுமா? ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கே நான்கு இரும்பு அணுக்கள்தான் இருக்கின்றன என்று ஆரம்பித்தேன். நூற்றைம்பது கர்ப்பிணிகள் வளையலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்போது நாலாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பிடாதி என்று பெயர், பீடி சுற்றுகிறவள்.

"எக்கா, அதெல்லாம் இருக்கட்டும். அந்த மாத்திரையப் போட்டா வயிறு கல்லாட்டம் ஆகி, வெளிக்கே போக மாட்டேங்குதே. உங்களுக்கு எப்படிப் போகுது?"

மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்த அதிகாரிகூடச் சிரித்தார். எனக்குத் தரை பிளக்கவில்லையே என்றிருந்தது. ஆனால் வாய் தானாகப் பதில் சொன்னது. பரீட்சையில் கேள்வி வந்தால் எழுதிவிடுகிற பழக்கம். "எனக்கு ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பிட்டபின் போடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கொய்யாப்பழம், கீரை சாப்பிடுங்கள். மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. அப்படியும் கட்டினால் நர்ஸிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். என்ன அழகான பதில்! அதை ஒரே ஒரு ஆள் மட்டும் காதில் வாங்கவில்லை. அவள் மைக்கைக் கொடுத்துவிட்டுப் புளியோதரை சாப்பிடப் போய்விட்டாள்.

முப்பிடாதி அப்படியே செய்தாள். ஏழே முக்காலில் இருந்தவள் பிரசவத்துக்குள் பத்தரைக்கு ஏறிவிட்டாள். மூன்று கிலோவில் ஆண் குழந்தை. "நீங்க சொன்னதாலதான் டீச்சர்" என்று எனக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

அவள் ஏறிய நேரத்தில் நான் இறங்கினேன். எட்டாம் மாதம் ஆறரை. டாக்டரம்மா சின்ன வயது, புதிதாக வந்தவர். என் பதிவு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரை போட்டும் இப்படி இறங்குதுன்னா..." என்று இழுத்தார். நர்ஸம்மா குறுக்கே வந்தார். "டாக்டர், மத்தவங்கள எனக்குத் தெரியாது. இந்தப் புள்ளைக்கு நான் கேரண்டி."

அக்கா, அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். அறையில் மூன்றே பேர். மூவரும் பெண்கள். கதவுகூடச் சாத்தியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கேரண்டியைக் கெடுக்கக் கூடாதே என்று பேசாமல் இருந்தேன். மரியாதையாம்!

கருப்பாகப் போகிறது, ரத்தமும் குறைகிறது. அப்படியென்றால் குடலில் எங்கேயோ கசிகிறதோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்தார். எதற்காக என்று உங்களுக்குப் புரியும். எந்த விஷயத்தை வாயால் சொல்லக் கூசினேனோ, அதை டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, நாற்பது பேர் நடுவே கவுண்டரில் நீட்ட வேண்டும். அது மஞ்சளாக இருந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் ஃபைலைத் திறந்து நான்கு நாள் மாத்திரை போட்டேன். ஆறரைப் பாயிண்ட் ரத்தத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு, ரத்தத்துக்காக அல்ல, சாட்சிக்காக மாத்திரை போட்ட ஒரே கர்ப்பிணி நானாகத்தான் இருப்பேன். டப்பா நன்றாகக் கருப்பாகப் போனது.

கசிவு இல்லை என்று வந்தது. அப்படியானால் வேறு ஏதோ ரத்த வியாதி, பரம்பரையாக வருவது, அது இல்லை என்று தெரியாமல் ஊசி வழியாக இரும்பு ஏற்றக் கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வரப் பத்து நாள். வீட்டில் இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாரிராஜ், என் வீட்டுக்காரர். "ரத்தப் புத்துநோயா இருக்குமோ" என்று அத்தையிடம் கிசுகிசுத்தார். அத்தை அம்மனுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்துகொண்டார். ஒரு வீடே அழுதுகொண்டிருக்கிறது, நோய் ஃபைலுக்குள் அட்டை அட்டையாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் பனிக்குடம் உடைந்தது. ஒன்பதாவது மாதம் பிறக்கவேயில்லை, அவ்வளவு முன்னதாக. ஆம்புலன்சில் நர்ஸம்மாதான் கூட வந்தார். பிள்ளை பிறந்ததும் எனக்கு ரத்தப்போக்கு. மற்றவர்களுக்குத் தாங்குகிற அளவுதானாம். என்னிடம் போவதற்கு ஏது? காதுக்குள் ஏதோ இரைச்சல், அதற்கு மேலே அந்தக் குரல், "ஏ புள்ள, கண்ண மூடாத! என்னப் பாரு! உன் பேரச் சொல்லு!" பெயரைச் சொல்ல முயன்றேன். வாய் வரவில்லை. அப்போது மட்டும் கூச்சத்தால் இல்லை.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இவர் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். ஆதார் நகல் கேட்டதும், வீட்டிலிருந்து கையோடு தூக்கி வந்திருந்த என் ஃபைலை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர்தான் திறந்தார். இருபத்தோரு அட்டை.

மறுநாள் எனக்குச் சுய நினைவு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் ஒட்டிப் போயிருந்தது. அட்டைகளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் மட்டும், அந்தக் குரலில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை, "வயித்தக் கட்டுதா புள்ள? வேற மாத்திரை இருக்கே. அப்பவே ஊசிகூடப் போட்ருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இவள் ஒரு கிலோ எண்ணூறு. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டியில். கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து இரும்பை வாங்கிப் பிள்ளை சேர்த்துவைக்குமாம், பிறந்த பிறகு ஆறு மாதத்துக்கு அதுதான் கையிருப்பாம். இவள் வெறும் கையோடு வந்தாள். இப்போது சொட்டு மருந்து கொடுக்கிறேன். ஒரு வேளை தவறியதில்லை. இன்னும் தானாக உட்காரவில்லை. "இரும்பு குறைஞ்சா மூளை வளர்ச்சியும் சுணங்கும், ஆனா சீக்கிரமே பிடிச்சிட்டோம், தேறிடுவா" என்கிறார் டாக்டர். தேறுவாள். ஆனால் கிலுகிலுப்பையை ஆட்டும்போது இவள் கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறாள் பாருங்கள், அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துப் பிழைக்கிறேன். இது இவள் சுபாவமா, இல்லை நான் கொடுக்காமல் விட்டதா? எந்த ஆய்வகத்திலும் அதை அளந்து சொல்ல முடியாது.

சரி, விசாரணைக்கு வருகிறேன். சாவின் விளிம்பு வரை போன கேஸ் என்பதால் மேலே இருந்து கேட்டார்கள். பதிவேட்டில் எல்லா மாதமும் "மாத்திரை உட்கொள்கிறார்" என்று இருக்கிறது. அந்த ரத்த வியாதியும் இல்லை, வெறும் இரும்புக் குறைவு என்று ரிசல்ட் வந்துவிட்டது. அப்படியானால் நர்ஸ் வீட்டுக்கே போகாமல் உட்கார்ந்த இடத்தில் பொய்யாக எழுதியிருக்கிறார் என்று மெமோ கொடுத்துவிட்டார்கள். ஓய்வு பெற ஒன்றரை வருடம்தான் இருக்கிறது. அவர் பைக்குள் இருபத்தோரு அட்டை இருக்கிறது. எடுத்துக் காட்டினால் முடிந்தது. காட்டவில்லை. "கண்காணிக்கத் தவறிவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "அந்தப் புள்ள அந்த வீட்டுல வாழணும்ல" என்று சொன்னாராம். முப்பிடாதிதான் நேற்று வந்து சொன்னாள்.

அதனால் கிளம்பிவிட்டேன். இனிமேல் வாழ்க்கையில் பொய்யே கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன் அக்கா. வீட்டிலா? இவரிடம் குழந்தைக்கு ஊசி போடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. அடுத்த மாதம் உண்மையிலேயே ஊசி இருக்கிறது. இவருக்கு எல்லாவற்றையும் ஒருநாள் விவரமாகச் சொல்லத்தான் போகிறேன். நல்ல நேரமாகப் பார்த்து.

அங்கே எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. மூன்று பேரும் ஆண்களாக இருந்தால்? "கருப்பாகப் போகிறது என்று நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேனே! பாருங்கள், வாயில் வந்துவிட்டது. முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்க்கிறார். இன்னொரு தடவை சொல்கிறேன். கருப்பாகப் போகிறது என்று நான் சொன்னது...

அக்கா, அது என்ன, தண்ணீர்த் தொட்டியா? சுகாதார அலுவலகம் அதற்கு முன்னால் அல்லவா? தாண்டிவிட்டதா? எப்போது? மணி பத்து ஐம்பதா! ஐயோ, கண்டக்டர் முன்னால் நிற்கிறாரே. நீங்கள் கொஞ்சம் சொல்லுங்களேன், நீங்கள் சொன்னால் கேட்பார்...

இல்லை. இருங்கள்.

அண்ணே! அண்ணே, வண்டிய நிறுத்துங்க! சுகாதார ஆபீஸ் இறங்கணும்! நிறுத்துங்கண்ணே!

நின்றுவிட்டது. இவள் முழித்துக்கொண்டாள். அழுடி கண்ணு, நல்லா அழு. வருகிறேன் அக்கா. கொஞ்சம் வழி விடுங்க. என்னண்ணே? இவ்வளவு நேரம் வாயில என்ன வச்சிருந்தேன்னா கேக்குறீங்க? முன்னாடியே சொல்றதுக்கென்னவா?

சொல்லத்தாண்ணே போறேன்.